பார்க்க மட்டும் ஒரு சாவி: கிரிப்டோ கணக்குக்கு ஏபிஐ கீ எடுக்கும்போது செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

கிரிப்டோ வாங்கி விற்கிறவர்களுக்கு வருமான வரி தாக்கல் செய்யும் காலம் வந்தாலே தலைவலிதான். இந்தியாவில் 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி. ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொரு காயினின் லாபத்தில் கழித்துக்கொள்ள வழியில்லை. ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை மாற்றிக்கொண்டாலும் வரித்துறையின் பார்வையில் அது விற்பனைதான். அதே 2022 ஜூலை 1 முதல் 1 சதவீத டிடிஎஸ் வேறு பிடிக்கப்படுகிறது. ஆகவே ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தேதி வேண்டும், வாங்கிய விலை வேண்டும், விற்ற விலை வேண்டும். வருடம் முழுக்க வாங்கி விற்றவரால் இதைக் கையால் எழுதி மாளாது. கோயின்லி, கோயின்டிராக்கர் போன்ற மென்பொருள்கள் இந்த வேலைக்காகவே வந்தவை.

அவை முதலில் கேட்பது உங்கள் எக்ஸ்சேஞ்சின் ஏபிஐ கீயை. இந்த இடத்தில் பலரும் என்ன செய்கிறார்கள்? யூடியூபில் ஒரு வீடியோவைப் போட்டு, அதில் காட்டுகிற பெட்டிகளில் எல்லாம் டிக் அடித்து, கிடைத்த இரண்டு நீளமான எழுத்துக்கோவைகளை வாட்ஸ்அப்பில் தமக்குத் தாமே அனுப்பி, அங்கிருந்து எடுத்து ஒட்டிவிட்டு, அத்தோடு மறந்துவிடுகிறார்கள். வேலை என்னவோ முடிந்துவிடுகிறது. அந்தக் கீ மட்டும் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கிறது.

கீழே வரும் பட்டியல் முழுவதும் ஒரே விதியின் விரிவுதான்: வேலைக்கு எவ்வளவு அனுமதி தேவையோ அவ்வளவு மட்டும் கொடுங்கள், வேலை முடிந்த அன்றே அதைத் திரும்ப வாங்கிவிடுங்கள்.

முதலில், இந்தக் கீ என்ன செய்கிறது?

எக்ஸ்சேஞ்சுக்குள் நீங்கள் நுழையும்போது பாஸ்வேர்டு கேட்கிறது, பிறகு ஓடிபி கேட்கிறது. ஏபிஐ வழியாக ஒரு மென்பொருள் நுழையும்போது பொதுவாக இவை இரண்டும் கிடையாது. ஏபிஐ கீ ‘இது யாருடைய கணக்கு’ என்று சொல்கிறது. சீக்ரெட் கீ ஒவ்வொரு கோரிக்கையிலும் கையொப்பம் இடுகிறது. கையொப்பம் பொருந்தினால் எக்ஸ்சேஞ்ச் பதில் கொடுத்துவிடும். ஓகேஎக்ஸ், கூகாயின் இரண்டிலும் மூன்றாவதாக ஒரு பாஸ்ஃபிரேஸும் உண்டு. இவை மொத்தமும் இன்னொருவர் கைக்குப் போனால், எக்ஸ்சேஞ்சின் கண்ணுக்கு அவரும் நீங்களும் ஒன்றுதான்.

அவரால் என்னென்ன செய்ய முடியும் என்பதை முடிவு செய்வது அந்தக் கீக்கு நீங்கள் கொடுத்திருக்கும் அனுமதி. அனுமதிகள் பெரும்பாலும் மூன்று அடுக்கு: கணக்கைப் பார்ப்பது, வாங்கி விற்பது, காயினை வெளியே எடுப்பது. முதல் அடுக்குக்கு ஒவ்வொரு எக்ஸ்சேஞ்சிலும் ஒரு பெயர். பைனான்ஸில் ‘எனேபிள் ரீடிங்’, காயின்பேஸில் ‘வியூ’, ஓகேஎக்ஸில் ‘ரீட்’, பைபிட்டில் ‘ரீட்-ஒன்லி’, கூகாயினில் ‘ஜெனரல்’. கிராக்கன் இதையே இன்னும் பொடிப்பொடியாகப் பிரித்து வைத்திருக்கிறது: இருப்பைப் பார்க்க ஒரு டிக், முடிந்த ஆர்டர்களைப் பார்க்க ஒரு டிக், லெட்ஜர் பதிவுகளைப் பார்க்க இன்னொரு டிக்.

பார்க்க மட்டுமான கீயைக் கொடுப்பது ஆடிட்டரிடம் பாஸ்புக்கைக் கொடுப்பது போல. மற்ற அனுமதிகளையும் சேர்த்துக் கொடுத்தால், கையெழுத்துப் போட்ட செக் புத்தகத்தையும் கூடவே கொடுத்ததாக ஆகிவிடும்.

செய்ய வேண்டியவை

1. கீ தேவைதானா என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

வருடத்துக்கு ஒருமுறை வரிக்கணக்குக்கு மட்டும் என்றால், எக்ஸ்சேஞ்சிலிருந்து பரிவர்த்தனை வரலாற்றை சிஎஸ்வி கோப்பாக இறக்கி மென்பொருளில் ஏற்றினாலே போதும். கோப்பில் அந்த நாள் வரைக்குமான விவரம் மட்டும் இருக்கும். கீ கொடுத்தால் நாளை நடக்கப்போவதும் தெரியும். இருப்பையும் லாப நஷ்டத்தையும் தினமும் பார்க்க விரும்புகிறவர்களுக்கும், பல எக்ஸ்சேஞ்சுகளில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கும்தான் கீ உண்மையில் உதவும்.

2. கணக்கைப் பூட்டிவிட்டு, பிறகு கீ எடுங்கள்.

உங்கள் கணக்குக்குள் நுழைய முடிந்த எவராலும் புதிய கீ ஒன்றை உருவாக்கிக்கொள்ள முடியும். எஸ்எம்எஸ் ஓடிபியை மட்டும் நம்பாமல் அத்தென்டிகேட்டர் செயலியோ பாஸ்கீயோ வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்சேஞ்சின் முகவரியை நீங்களே தட்டி, ஒருமுறை புக்மார்க் செய்துவிடுங்கள். கூகுள் தேடலில் மேலே வரும் விளம்பரத்தின் வழியாகப் போக வேண்டாம். 2018இல் பைனான்ஸ் பயனர்களை ஏமாற்றிய போலித் தளத்தின் முகவரியில் எழுத்துகள் எல்லாம் சரியாகவே இருந்தன. இரண்டு எழுத்துகளின் கீழே மட்டும் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு புள்ளி. திரையில் ஒட்டிய தூசி என்று நினைத்துக் கடந்து போனவர்களின் பாஸ்வேர்டு பறிபோனது. அவர்கள் கணக்குகளில் திருடர்கள் சத்தமில்லாமல் கீ உருவாக்கி வைத்துக்கொண்டு, நாள் பார்த்துக் காத்திருந்தார்கள்.

3. பார்க்கும் அனுமதியை மட்டும் விட்டு, மற்ற எல்லா டிக்கையும் எடுங்கள்.

பைனான்ஸில் புதிய கீ எடுத்தால் பார்க்கும் அனுமதி மட்டும் தானாக விழுந்திருக்கும். அதை அப்படியே விட்டுவிடுங்கள். வேறு சில இடங்களில் டிரேடிங் முன்கூட்டியே டிக் ஆகியிருக்கலாம். ‘ஸ்பாட் அண்ட் மார்ஜின் டிரேடிங்’, ‘ஃபியூச்சர்ஸ்’, ‘வித்ட்ராயல்ஸ்’, ‘யூனிவர்சல் டிரான்ஸ்ஃபர்’ ஆகியவற்றில் ஒன்றுகூட வரிக்கணக்குக்கோ போர்ட்ஃபோலியோ பார்ப்பதற்கோ தேவைப்படாது. கிராக்கனில் இருப்பு, முடிந்த ஆர்டர்கள், லெட்ஜர் ஆகிய மூன்றின் குவெரி அனுமதிகளோடு தொடங்குங்கள். செயலி இன்னும் ஏதாவது கேட்டால், அது எதற்கு என்று தெரிந்துகொண்ட பிறகு சேர்க்கலாம். சேவ் செய்த பின் பக்கத்தை மறுபடி திறந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

4. ஒரு செயலிக்கு ஒரு கீ.

ஒரே கீயை வரி மென்பொருளுக்கும், போர்ட்ஃபோலியோ ஆப்புக்கும், நீங்களே எழுதிய பைத்தான் நிரலுக்கும் சேர்த்துக் கொடுத்தால், கசிவு எங்கே நடந்தது என்று பிற்பாடு கண்டுபிடிக்க முடியாது. ஒன்றை நிறுத்தினால் மூன்றும் நின்றுவிடும். தனித்தனியாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் புரிகிற மாதிரி பெயர் வையுங்கள்: ‘வரி-கோயின்லி-ஜூலை’ என்பது போல. ‘டெஸ்ட்’, ‘நியூ’, ‘கீ2’ என்றெல்லாம் வைத்தால் ஆறு மாதம் கழித்து வைத்தவருக்கே புரியாது.

5. சீக்ரெட்டை அந்த நொடியே பாதுகாப்பான இடத்தில் சேர்த்துவிடுங்கள்.

சீக்ரெட் கீயைப் பல எக்ஸ்சேஞ்சுகள் ஒரே ஒரு முறைதான் காட்டும். பக்கத்தை மூடினால் போயிற்று. மறுபடி கேட்டாலும் கிடைக்காது. பிட்வார்டன், கீபாஸ் போன்ற பாஸ்வேர்டு மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு கீயை உருவாக்குங்கள். தவறவிட்டால் பதற வேண்டாம். அந்தக் கீயை நீக்கிவிட்டுப் புதிதாக ஒன்று எடுத்தால் முடிந்தது. செயலியில் ஒட்டிய பிறகு உங்களிடம் ஒரு பிரதி இருந்தே ஆக வேண்டும் என்றுகூட இல்லை.

6. முடிந்த இடத்திலெல்லாம் ஐபி கட்டுப்பாடு போடுங்கள்.

‘இந்த ஐபி முகவரிகளிலிருந்து வரும் கோரிக்கைக்கு மட்டும் பதில் சொல்’ என்று எக்ஸ்சேஞ்சிடம் சொல்லிவைத்தால், கசிந்த கீ திருடனின் கணினியில் வேலை செய்யாது. சில மென்பொருள்கள் தங்கள் சர்வரின் ஐபி பட்டியலை உதவிப் பக்கத்தில் கொடுத்திருக்கும். அதை அங்கிருந்தே எடுங்கள். வேறு யாரோ போட்ட பழைய பட்டியலை நம்பாதீர்கள்.

சொந்த நிரல் ஓட்டுகிறவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. வீட்டு பிராட்பேண்டில் ஐபி அவ்வப்போது மாறும். ரூட்டரை அணைத்துப் போட்டாலே மாறிவிடலாம். மொபைல் டேட்டாவில் ஒரே பொது ஐபியைப் பலர் பகிர்ந்துகொள்வதும் சாதாரணம். எனவே நிலையான ஐபி உள்ள சிறிய கிளவுட் சர்வரில் நிரலை ஓட்டுவது நல்லது. இணைய நிறுவனத்திடம் பணம் கட்டி நிலையான ஐபி வாங்கியும் சமாளிக்கலாம். இரண்டும் முடியாதென்றால், ஐபி கட்டுப்பாடு இல்லாத கீயின் ஆயுளையாவது குறைத்து வையுங்கள்.

7. கீக்கு ஒரு கெடு வையுங்கள்.

கிராக்கனில் கீ உருவாக்கும்போதே காலாவதித் தேதி போடலாம். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரையிலான விவரங்களைக் கேட்கலாம் என்றுகூட வரையறுக்கலாம். ஒரு நிதியாண்டின் கணக்கு மட்டும் தேவைப்படுகிறவருக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். ஓகேஎக்ஸில் ஐபியோடு இணைக்கப்படாத, டிரேடு அல்லது வித்ட்ரா அனுமதி உள்ள கீ 14 நாள் பயன்படுத்தப்படாமல் கிடந்தால் தானாகவே செத்துவிடும். பார்க்க மட்டுமான கீக்கு அந்த விதி கிடையாது; அதை அழிப்பது உங்கள் பொறுப்பு. எக்ஸ்சேஞ்ச் கெடு வைக்கவில்லை என்றால் மொபைல் காலண்டரில் நீங்களே ஒரு நினைவூட்டல் போட்டுவிடுங்கள்.

8. கீ என்ன செய்யும் என்று சோதித்துப் பாருங்கள்.

நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு இது எளிது. பைனான்ஸில் கீயின் அனுமதிகளை மட்டும் சொல்லும் ஓர் ஏபிஐ முகவரி உண்டு. ரீடிங் ஆம், டிரேடிங் இல்லை, வித்ட்ராயல் இல்லை, ஐபி கட்டுப்பாடு ஆம் என்று வரிசையாகப் பதில் வரும். நிரல் தெரியாதவர்கள் ஏபிஐ மேனேஜ்மென்ட் பக்கத்தில் அந்தக் கீயின் வரியைத் திறந்து பார்த்தால் போதும். ‘கனெக்ட்’ என்ற ஒரே பொத்தானில் கீயைத் தானாகவே உருவாக்கிக்கொள்ளும் செயலிகள் விஷயத்தில் இந்தச் சோதனை கட்டாயம். நீங்கள் டிக் அடிக்காத அனுமதி அதில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம்.

9. வந்த கணக்கைச் சரிபாருங்கள்.

ஏபிஐ வழியாக வந்துவிட்டது என்பதாலேயே கணக்கு முழுமை என்று எடுத்துக்கொள்ள முடியாது. பைனான்ஸில் ஸ்பாட் வியாபாரத்தை ஒவ்வொரு ஜோடியாகத்தான் கேட்க வேண்டும். பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட காயின்களின் பழைய வியாபாரம் இதனால் விடுபட்டுப் போகலாம். பி2பியில் ரூபாய் கொடுத்து வாங்கிய யுஎஸ்டிடி, கன்வெர்ட் செய்தது, ஸ்டேக்கிங் வருமானம் ஆகியவையும் அடிக்கடி விடுபடுகிறவை. வாங்கிய யுஎஸ்டிடி கணக்கில் வராமல் விற்றது மட்டும் வந்தால், வாங்கிய விலை பூஜ்யம் என்று ஆகி, மொத்தத் தொகையும் லாபமாகத் தெரியும். அதற்கும் 30 சதவீதம். மென்பொருள் காட்டும் இருப்பும் எக்ஸ்சேஞ்ச் காட்டும் இருப்பும் காயின் காயினாக ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போகாத காயினுக்கு மட்டும் சிஎஸ்வி எடுத்து ஓட்டையை அடைத்துவிடுங்கள்.

10. வேலை முடிந்ததும் இரண்டு பக்கமும் நீக்குங்கள்.

செயலியில் கணக்கை நீக்கினால் எக்ஸ்சேஞ்சில் கீ சாகாது. எக்ஸ்சேஞ்சில் கீயை நீக்கினால், செயலி ஏற்கெனவே இறக்கி வைத்திருக்கும் உங்கள் வரலாறு அழியாது. எனவே முதலில் எக்ஸ்சேஞ்சில் கீயை அழியுங்கள். வரி அறிக்கையைக் கணினியில் சேமித்துக்கொண்ட பிறகு, செயலியிலும் உங்கள் தரவை அழிக்கச் சொல்லுங்கள்.

செய்யக்கூடாதவை

1. ‘வித்ட்ராயல் அனுமதி கொடுக்கவில்லை, டிரேடிங் இருந்தால் என்ன’ என்று நினைக்காதீர்கள்.

இந்த விஷயத்தில் அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். காயினை வெளியே எடுக்காமலேயே உங்கள் பணத்தைக் காலி செய்ய முடியும். திருடன் யாரும் சீந்தாத ஒரு காயினைத் தன் கணக்கில் மலிவாக வாங்கிக் குவித்து வைக்கிறான். பிறகு உங்கள் கீயைப் பயன்படுத்தி, உங்கள் பிட்காயினைக் கொடுத்து அதே காயினைத் தாறுமாறான விலைக்கு வாங்கவைக்கிறான். விற்கிறவன் அவன், வாங்குகிறவர் நீங்கள். எக்ஸ்சேஞ்சின் பதிவேட்டில் அது சாதாரண வியாபாரமாகத்தான் இருக்கும்.

2018 மார்ச் 7 அன்று பைனான்ஸில் நடந்தது இதுதான். போலித் தளத்தில் சிக்கியவர்களின் கணக்குகளில் உருவாக்கி வைத்திருந்த கீகள் எல்லாம் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டு வயாகாயின் என்ற காயினை வாங்கித் தள்ளின. இரண்டே நிமிட ஆட்டம். விற்ற பணத்தை எடுக்க முயன்றபோது எக்ஸ்சேஞ்ச் தடுத்துவிட்டதால் திருடர்களின் திட்டம் பலிக்கவில்லை. 2022 அக்டோபரில் எஃப்டிஎக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்சின் பயனர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. த்ரீகாமாஸ் என்ற தானியங்கி வியாபாரச் சேவைக்காக எடுத்திருந்த கீகள் வழியாக, அவர்கள் கணக்கில் டிஎம்ஜி என்ற சின்ன டோக்கனில் வியாபாரம் நடத்தப்பட்டுப் பணம் பறிபோனது.

2. பிழைச் செய்தி வந்ததும் எல்லாப் பெட்டியிலும் டிக் அடிக்காதீர்கள்.

பைனான்ஸில் ‘−2015’ என்ற பிழை பலரையும் குழப்பும். கீ தவறு, ஐபி தவறு, அனுமதி போதவில்லை என்ற மூன்றுக்கும் அதே ஒரே எண்தான். அவசரத்தில் அனுமதியைக் கூட்டிப் பார்ப்பவர்கள் அதிகம். உண்மையான காரணம் பெரும்பாலும் தவறாக ஒட்டிய கீயாகவோ, மாறிப்போன ஐபியாகவோ இருக்கும். ‘−1021’ வந்தால் உங்கள் கணினியின் கடிகாரம் சரியில்லை என்று அர்த்தம். கோரிக்கையில் உள்ள நேரம் சர்வரின் நேரத்தோடு ஒத்துப்போக வேண்டும். பொதுவாக 5 விநாடிக்கு மேல் பிந்தினால் ஏற்காது. கணினி நேரத்தைத் தானியங்கியாகச் சரிசெய்ய விடுங்கள். எந்த அனுமதியும் இதைத் தீர்க்காது.

3. சீக்ரெட்டை அரட்டையில் அனுப்பாதீர்கள், படம் பிடிக்காதீர்கள்.

வாட்ஸ்அப்பில் தமக்கே அனுப்பிய செய்தியும் பேக்கப்புக்குப் போகிறது. ஸ்கிரீன்ஷாட் கூகுள் போட்டோஸில் போய் உட்கார்ந்துகொள்கிறது. நிரல் ஓடவில்லை என்று ஏஐ சாட்பாட்டிடம் அந்த நிரலை ஒட்டும்போது, அதற்குள் இருக்கும் சீக்ரெட்டும் சேர்ந்தே போகிறது. டெலிகிராமில் ‘சப்போர்ட்’ என்ற பெயரில் வந்து சீக்ரெட் கீயைக் கேட்கிறவர் யாராக இருந்தாலும் திருடர்தான்; எக்ஸ்சேஞ்ச் ஊழியருக்கு அது எந்த வேலைக்கும் தேவையில்லை.

4. நிரலுக்குள் கீயை எழுதாதீர்கள்.

கிட்ஹப்பில் பொதுவில் போடப்படும் நிரல்களைத் துழாவிக் கீ தேடுவதற்கென்றே பாட்கள் இரவு பகலாக ஓடுகின்றன. தவறிப் போட்டுவிட்டு அடுத்த கமிட்டில் அழித்தால் பயனில்லை. பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். கீயைத் தனிக் கோப்பிலோ சூழல் மாறியிலோ வைத்து, அந்தக் கோப்பைக் கிட் கண்டுகொள்ளாதபடி விலக்கி வையுங்கள். எக்ஸ்சேஞ்சோடு பேசும் நூலகங்களை நிறுவும்போது பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். 2025இல் பைத்தானின் பொதுக் களஞ்சியத்தில், பலரும் பயன்படுத்தும் சிசிஎக்ஸ்டி நூலகத்தின் பெயரை ஒட்டி ஒரு தீய நிரல் வைக்கப்பட்டிருந்தது. மெக்ஸி எக்ஸ்சேஞ்சுக்குப் போக வேண்டிய ஆர்டர்களைத் திருப்பிவிட்டு விவரங்களைத் திருடுவது அதன் வேலை.

5. ஆடிட்டருக்கு லாகின் கொடுக்காதீர்கள்.

‘சார், நீங்களே உள்ளே போய்ப் பாத்துக்கங்க’ என்று பாஸ்வேர்டையும் ஓடிபியையும் போனில் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆடிட்டர் நல்லவர்தான். அவர் அலுவலகக் கணினியில் என்ன வைரஸ் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. அவருக்குத் தேவை அறிக்கை. சிஎஸ்வி கோப்பையோ மென்பொருள் தயாரித்த வரி அறிக்கையையோ அனுப்புங்கள்.

6. பெயர் பெற்ற சேவை என்பதற்காகக் கீயை நிரந்தரமாக விட்டுவைக்காதீர்கள்.

த்ரீகாமாஸ் சின்ன நிறுவனம் இல்லை. 2022 அக்டோபரில் பயனர்கள் புகார் சொன்னபோது, அவர்கள் ஃபிஷிங்கில் சிக்கியிருக்க வேண்டும் என்றது அந்த நிறுவனம். டிசம்பர் 28 அன்று சுமார் 10,000 கீகளை யாரோ பெயர் சொல்லாமல் இணையத்தில் கொட்டினார்கள். அதன் பிறகுதான் கசிந்தவை உண்மையானவை என்று நிறுவனத்தின் தலைவர் ஒப்புக்கொண்டு, எக்ஸ்சேஞ்சுகளிடம் கீகளை ரத்து செய்யச் சொன்னார். உங்கள் கீயை நீங்கள் எவ்வளவு கவனமாக வைத்திருந்தாலும், அதன் இன்னொரு பிரதி வேறொருவரின் சர்வரில் இருக்கிறது. அந்த சர்வரின் பாதுகாப்பு உங்கள் கையில் இல்லை. அங்கே கீ எத்தனை நாள் இருக்கும், அதற்கு என்ன அதிகாரம் என்பவை மட்டும் உங்கள் கையில் இருக்கின்றன.

7. ‘பார்க்க மட்டும்தானே’ என்று அலட்சியமாக இருக்காதீர்கள்.

பார்க்க மட்டுமான கீயால் காயினை நகர்த்த முடியாது. ஆனால் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள், எதை எப்போது வாங்கினீர்கள், எந்த முகவரிக்கு அனுப்பினீர்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடும். இவை தெரிந்த ஒருவர் எக்ஸ்சேஞ்ச் ஊழியர் போல உங்களுக்குப் போன் செய்து, ‘நேற்று நீங்கள் விற்ற ஈத்தரில் ஒரு சிக்கல்’ என்று சரியான தொகையோடு தொடங்கினால், நம்பாமல் இருப்பது கடினம். 2025 மே மாதம் காயின்பேஸ் வெளியிட்ட தகவல் இதற்கு அத்தாட்சி. அங்கே ஏபிஐ கீ எதுவும் கசியவில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளர் சேவை ஊழியர்கள் சிலருக்கு லஞ்சம் கொடுத்து, பயனர்களின் பெயர், முகவரி, இருப்பு, பரிவர்த்தனை வரலாறு ஆகியவற்றை வாங்கியிருந்தார்கள். அந்த விவரங்களை வைத்துக்கொண்டு ஊழியர் போலப் பேசி, பயனர்களே தங்கள் காயினை அனுப்பும்படி செய்வதுதான் திட்டம். பிறகு காயின்பேஸிடமே 2 கோடி டாலர் கேட்டு மிரட்டினார்கள். வெறும் பார்வைக்கு இவ்வளவு விலை இருக்கிறது.

8. பாஸ்வேர்டை மாற்றினால் கீயும் செத்துவிடும் என்று நம்பாதீர்கள்.

கீ வேறு வழியாக நுழைகிறது; பாஸ்வேர்டை மாற்றினாலும் அது தன் போக்கில் வேலை செய்துகொண்டிருக்கலாம். 2019 மே மாதம் பைனான்ஸிலிருந்து 7,000 பிட்காயின் திருடுபோனபோது, திருடர்கள் கையில் பயனர்களின் ஏபிஐ கீகளும் இரட்டைச் சரிபார்ப்புக் குறியீடுகளும் பெருமளவில் இருந்தன என்று பைனான்ஸே சொன்னது. சந்தேகம் வந்தால் பாஸ்வேர்டோடு நிற்காமல் கீ பட்டியலையும் திறந்து பாருங்கள்.

9. எக்ஸ்சேஞ்சில் பார்க்கும் அனுமதி தனியாக இல்லையென்றால், முழு அனுமதியோடு கீ எடுக்காதீர்கள்.

எல்லா எக்ஸ்சேஞ்சும் அனுமதிகளைப் பிரித்துக் கொடுப்பதில்லை. ‘வேறு வழியில்லையே’ என்று டிரேடிங் அனுமதியோடு கீயைக் கொடுப்பதைவிட, சிஎஸ்வி இறக்கும் பத்து நிமிட வேலை எவ்வளவோ மேல்.

10. சீட் ஃபிரேஸை எந்தச் செயலியிலும் தட்டாதீர்கள்.

போர்ட்ஃபோலியோ செயலிகள் சொந்த வாலட்டையும் இணைக்கச் சொல்லும். இருப்பைப் பார்க்க வாலட்டின் பொது முகவரி மட்டும் போதும். 12 அல்லது 24 சொற்கள் கொண்ட சீட் ஃபிரேஸைக் கேட்கும் செயலி கணக்குப் பார்க்க வந்தது இல்லை. சீட் ஃபிரேஸுக்குப் ‘பார்க்க மட்டும்’ என்ற அடுக்கே கிடையாது.

கீ கசிந்துவிட்டது என்று தெரிந்தால்

வரிசை முக்கியம். முதலில் கீயை அழியுங்கள். அனுமதியைக் குறைத்துப் பார்ப்பது, செயலிக்காரருக்கு மின்னஞ்சல் எழுதுவது எல்லாம் பிறகு. அடுத்து, பட்டியலில் நீங்கள் உருவாக்காத கீ வேறு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் யாரோ கணக்குக்குள்ளேயே வந்துவிட்டார் என்று அர்த்தம். பிறகு எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறி, மின்னஞ்சலின் பாஸ்வேர்டையும் எக்ஸ்சேஞ்சின் பாஸ்வேர்டையும் மாற்றி, இரட்டைச் சரிபார்ப்பைப் புதிதாக அமைத்துக்கொள்ளுங்கள். நிலுவையில் உள்ள ஆர்டர்கள், சமீபத்திய வியாபாரம், வித்ட்ராயல் முகவரிப் பட்டியல் மூன்றையும் பார்த்து, தெரியாதவை இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு எக்ஸ்சேஞ்சுக்குப் புகார் செய்யுங்கள். பணம் போயிருந்தால் இந்தியாவில் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே பேசுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யலாம்.

கசிந்தது பார்க்க மட்டுமான கீ என்றால் காயின் இருந்த இடத்தில்தான் இருக்கும். ஆனாலும் அடுத்த சில மாதங்களுக்கு உங்கள் பரிவர்த்தனையைத் துல்லியமாகச் சொல்லிக்கொண்டு வரும் எந்த அழைப்பையும், மின்னஞ்சலையும் நம்பாதீர்கள். போனை வைத்துவிட்டு, புக்மார்க் வழியாக நீங்களே உள்ளே போய்ப் பாருங்கள்.

இன்றே செய்யக்கூடிய ஒன்று

எக்ஸ்சேஞ்சின் ஏபிஐ மேனேஜ்மென்ட் பக்கத்தைத் திறந்து, அங்கே இருக்கும் கீகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். எதற்காக எடுத்தது என்று நினைவுக்கு வராத கீயை யோசிக்காமல் அழித்துவிடுங்கள். ஏதாவது ஒரு செயலி நின்றுபோனால், அதற்கென்று தனியாக, பார்க்க மட்டுமான கீ ஒன்றைப் புதிதாக எடுத்துக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். எதுவுமே நிற்கவில்லை என்றால், இத்தனை நாள் அந்தக் கீ யாருக்கும் தேவைப்படாமலே திறந்து கிடந்திருக்கிறது.